பிளாக் ராக் நகரில் இணைய வசதி

பிளாக் ராக் நகர் என்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தோன்றி மறையும் தற்காலிக நகரமாகும். பர்னிங் மேன் என்னும் விழாவுக்காக இந்நகர் அமைக்கப்படுகிறது. ஆகஸ்ட் மாத இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான அமெரிக்கத் தொழிலாளர் நாளுடன் விழா நிறைவடைகிறது. அந்த ஒரு வாரத்தில் ஏறத்தாழ 70,000 பேர் அங்கு வாழ்கின்றனர். அதற்கு முன்னும் பின்னும் அந்நிலத்தில் வீடு, சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கோபுரம் எதுவும் இருப்பதில்லை.

இத்தகைய இடத்துக்கு இணையம் கொண்டுசெல்வது ஒரு பொறியியல் பணி. ஆனால் அங்கு எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது என்ற விதி இருப்பதால், கிடைக்கும் சிறிதளவு இணைப்பை யாருக்கு, எந்த அடிப்படையில் பகிர்வது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. நகரங்களில் இக்கேள்விக்குக் கட்டணமே விடை சொல்லிவிடுகிறது. பிளாக் ராக் நகரில் வேறு விடை தேட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அந்த வலையமைப்பின் தொழில்நுட்பத்தையும் பகிர்வு முறையையும் விளக்குகிறது.

விழாவும் இடமும்

1986ஆம் ஆண்டில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் சுமார் 8 அடி உயர மர உருவம் ஒன்றைச் செய்து எரித்தனர். ஆண்டுதோறும் இந்நிகழ்வுக்குக் கூட்டம் பெருகியது. 1990இல் கடற்கரையில் உருவத்தை எரிக்கக் காவலர்கள் தடை விதித்தனர். அவ்வாண்டு உருவம் பிளாக் ராக் பாலைவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அதுமுதல் விழா நெவாடாவிலேயே நடைபெறுகிறது.

பிளாக் ராக் பாலைவனம் பனியுகக் காலத்தில் லஹோண்டன் என்ற பேரேரி இருந்த பகுதியாகும். ஏரி வற்றியபின் எஞ்சிய சமதளமான களிமண் படுகையைப் பிளாயா என்று அழைக்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 1,190 மீட்டர். இப்படுகை மிகத் தட்டையானது. 1997இல் த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி என்ற வாகனம் ஒலியின் வேகத்தைத் தாண்டித் தரைவேகச் சாதனை படைத்தது இங்குதான்.

விழா இடத்துக்கு மிக அருகிலுள்ள ஊர் கெர்லாக். அங்கு வசிப்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. பெரிய நகரமான ரீனோ அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில் உள்ளது. நிலம் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்கு உரியது. எனவே ஒவ்வோர் ஆண்டும் அனுமதி பெற்றே விழா நடத்தப்படுகிறது.

நகரின் அமைப்பு கடிகார முகத்தை ஒத்தது. நடுவில் மர உருவம் நிற்கும். அதைச் சுற்றி, கடிகாரத்தின் 2 மணி முதல் 10 மணி வரையிலான பகுதியில் வளைவு வளைவாகத் தெருக்கள் அமையும். மீதமுள்ள பகுதி கலைப் படைப்புகளுக்கான திறந்தவெளி. ஒரு முகாமின் முகவரி ‘4.30 மணி, டி தெரு’ என்பது போல இருக்கும். வலையமைப்பை அமைப்பவர்களுக்கு இம்முறை உதவியாக உள்ளது. முகவரியைக் கொண்டே முகாம் எத்திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

விழாவின் கொள்கைகள்

2004இல் லாரி ஹார்வி விழாவின் பத்துக் கொள்கைகளை எழுதினார். அவற்றுள் நான்கு இணைய வசதியுடன் நேரடித் தொடர்புடையவை.

முதலாவது, கொடை. எதிர்பார்ப்பு இன்றிக் கொடுப்பதை இது வலியுறுத்துகிறது. இரண்டாவது, வணிக நீக்கம். விழாவில் விளம்பரமோ விற்பனையோ இருக்கக் கூடாது. பனிக்கட்டி போன்ற மிகச் சில பொருள்களை மட்டும் ஏற்பாட்டாளர்களே விற்பர். மூன்றாவது, தற்சார்பு. உணவு, நீர், நிழல் அனைத்தையும் பங்கேற்பவரே கொண்டுவர வேண்டும். நான்காவது, தடயமின்மை. விழா முடிந்தபின் நிலம் முன்பிருந்தவாறே விடப்பட வேண்டும்.

வணிக நோக்கற்றது என்பதால் இவ்விழா இலவசமானது என்று கருதக் கூடாது. 2023இல் முதன்மை நுழைவுச் சீட்டின் விலை 575 டாலர். விழாவை நடத்துவது பர்னிங் மேன் புராஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. உள்ளே நுழைந்தபின் பணத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை என்பதே வணிக நீக்கத்தின் பொருள்.

இதனால் வழக்கமான இணையச் சேவை நிறுவனத்தின் முறை இங்கு பொருந்துவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வைஃபை விற்க முடியாது. ஒரு நிறுவனம் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு இலவச இணைப்பு வழங்கவும் முடியாது. இணைப்பு ஒரு கொடையாகவே இருக்க வேண்டும். அதை அமைப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்களாக உள்ளனர்.

கணினித் துறைக்கும் இவ்விழாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1998 ஆகஸ்டில் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் விழாவுக்குச் சென்றபோது, தாங்கள் ஊரில் இல்லை என்பதைக் குறிப்பால் உணர்த்த கூகுள் சின்னத்தில் மர உருவத்தின் படத்தைச் சேர்த்தனர். கூகுள் முகப்பில் இடம்பெறும் டூடுல் படங்களில் இதுவே முதலாவது. வலையமைப்புப் பொறியாளர்கள் பலர் பங்கேற்பாளர்களாக வந்ததால், 2000களின் தொடக்கத்திலேயே செயற்கைக்கோள் இணைப்பும் வைஃபையும் பாலைவனத்தில் முயன்று பார்க்கப்பட்டன.

வெளியுலகுடன் இணைத்தல்

எந்த வலையமைப்புக்கும் முதல் தேவை வெளியுலகுடனான இணைப்பு. கம்பியில்லாத பாலைவனத்தில் இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று செயற்கைக்கோள், மற்றொன்று தரைவழி நுண்ணலை இணைப்பு.

நீண்டகாலம் பயன்பட்டவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். இவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு கோரிக்கை செயற்கைக்கோளுக்கு ஏறித் தரைக்கு இறங்கி, அதன் விடையும் அவ்வாறே ஏறி இறங்க வேண்டும். மொத்தப் பயணம் சுமார் 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு ஏறத்தாழ அரை நொடி ஆகும். மின்னஞ்சலுக்கு இத்தாமதம் பொருட்டல்ல. ஆனால் தொலைபேசி உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் தொல்லை ஏற்படும்.

நுண்ணலை இணைப்பில் இத்தாமதம் இல்லை. ஏற்கெனவே இணையம் உள்ள ஓர் ஊரிலோ மலை உச்சியிலோ ஒரு தட்டு ஆண்டெனாவையும், விழா இடத்தில் மற்றொன்றையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் இடையே பார்வைத் தடை இருக்கக் கூடாது. நெவாடாவின் தட்டையான படுகையும் அதைச் சூழ்ந்த மலைகளும் இதற்கு ஏற்றவை.

எனினும், கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதில்லை. வானொலி அலை நூல் பிடித்தாற்போலச் செல்வதில்லை. அது நடுவில் பருத்த சுருட்டு வடிவில் பரவிச் செல்கிறது. இப்பகுதிக்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 15 கிலோமீட்டர் தொலைவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினால், நடுவழியில் இம்மண்டலத்தின் ஆரம் ஏறத்தாழ 14 மீட்டர். இதில் குறைந்தது 60 விழுக்காடு, அதாவது சுமார் 8.4 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. அத்துடன் பூமியின் வளைவால் நடுவழியில் தரை சுமார் 3 மீட்டர் மேலெழும். இரண்டையும் கூட்டினால், இரு முனைகளிலும் ஆண்டெனாக்கள் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முற்றிலும் வெறுமையான நிலத்திலும் கோபுரம் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

அக்கோபுரத்தை நிரந்தரமாகக் கட்ட முடியாது. கான்கிரீட் அடித்தளம் போடவும் இயலாது. தரையில் முளைகள் அறைந்து, கம்பிகளால் இழுத்துக் கட்டிய மடக்குக் கோபுரங்களோ வாகனத்தில் பொருத்திய கோபுரங்களோ இத்தகைய இடங்களில் பயன்படுகின்றன. விழா முடிந்ததும் முளைகள் ஒவ்வொன்றாக எண்ணிப் பிடுங்கப்பட வேண்டும்.

நகருக்குள் பகிர்தல்

வெளியிலிருந்து வந்த இணைப்பை நகரெங்கும் கொண்டுசெல்வது அடுத்த கட்டம். கடிகார வடிவ நகரில் ஒரு மையக் கோபுரத்தில் பல ஆண்டெனாக்களை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கோணப் பகுதியை நோக்கித் திருப்பலாம். இணைப்பு வேண்டும் முகாம், கோபுரத்தை நோக்கிய சிறிய வெளிப்புற ஆண்டெனாவைத் தானே கொண்டுவந்து கம்பத்தில் கட்டுகிறது. பின்னர் ஒரு ரவுட்டர் மூலம் தன் உறுப்பினர்களுக்கும் அண்டை முகாம்களுக்கும் வைஃபையாகப் பகிர்கிறது. கோபுரம் பொதுக் கொடை. கோபுரம் வரை எட்டிப் பிடிப்பது முகாமின் தற்சார்பு. இவ்வாறு இரு கொள்கைகளும் ஒரே அமைப்பில் இணைகின்றன.

இம்முறையில் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, அலை நெரிசல். சாதாரண வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், அமெரிக்காவில் 11 அலைத்தடங்கள் உள்ளன. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. ஆயிரக்கணக்கான முகாம்களும் வீட்டு வாகனங்களும் தத்தம் கருவிகளை இயக்கினால் அப்பட்டை முழுவதும் இரைச்சலாகிவிடும். இதனால் கோபுரத்துக்கும் முகாமுக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை விரும்பப்படுகிறது. இவ்விரு பட்டைகளுக்கும் தனி உரிமம் தேவையில்லை. எனவே யாரையும் தடுக்க முடியாது, வேண்டுகோள் மட்டுமே விடுக்கலாம்.

இரண்டாவது, மறைந்த நிலையங்கள். முகாம்களின் ஆண்டெனாக்கள் கோபுரத்தை மட்டுமே நோக்குவதால், ஒரு முகாம் அனுப்புவதை மற்றொரு முகாம் கேட்பதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் கோபுரத்தில் இரண்டும் மோதிச் சிதையும். ஒவ்வொரு முகாமுக்கும் நொடியின் ஒரு சிறு பங்கை முறைவைத்து ஒதுக்கும் கருவிகளால் இது தீர்க்கப்படுகிறது.

மூன்றாவது, நகரமே மாறிக்கொண்டிருப்பது. ஆண்டெனாவைப் பொருத்தும் நாளில் எதிரே வெறும் நிலமாக இருக்கும். மறுநாள் அங்கு ஒரு பெரிய வீட்டு வாகனம் வந்து நிற்கலாம். அதற்கடுத்த நாள் அண்டை முகாமினர் இரண்டு மாடி உயரக் கலைக்கூடம் எழுப்பலாம். இணைப்பு திடீரென அறுந்தால், கருவியைப் பழுதுபார்க்கும் முன் கம்பத்தருகே நின்று கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

கொள்ளளவின் கணக்கு

பகிர்வு ஏன் கடினமானது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வெளி இணைப்பின் கொள்ளளவு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 70,000 பேரில் 5 விழுக்காட்டினர், அதாவது 3,500 பேர் மட்டும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஒருவருக்குக் கிடைப்பது நொடிக்கு 28.6 கிலோபிட். 1990களில் தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய மோடத்தின் வேகம் இதுதான். அதே இணைப்பில் நொடிக்கு 5 மெகாபிட் எடுக்கும் காணொளியை 20 பேர் பார்த்தால் மற்ற எவருக்கும் எதுவும் மிஞ்சாது.

பயனர் அறியாமலேயே இணைப்பு வீணாவதும் உண்டு. இன்றைய அலைபேசி வைஃபையைக் கண்டதும் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். சட்டைப்பையில் உறங்கும் சில நூறு அலைபேசிகள் ஒரு நகரத்தின் இணைப்பை முடக்கிவிடலாம். எனவே இத்தகைய வலையமைப்புகளில் ஒரு கருவிக்கான வேகத்துக்கு வரம்பு வைப்பது, மென்பொருள் புதுப்பிப்புகளைத் தடுப்பது போன்ற வழிகள் கையாளப்படுகின்றன.

இணைப்பே தேவைப்படாத வகையில் தகவலை முன்கூட்டியே தருவது மற்றொரு வழி. நகரின் வரைபடம், முகாம்கள், நிகழ்ச்சிகளின் பட்டியல் ஆகியவற்றை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ள ஐபர்ன் போன்ற செயலிகள் உதவுகின்றன. நகருக்குள் அறிவிப்புகளைப் பரப்ப 94.5 எஃப்.எம் அலைவரிசையில் பி.எம்.ஐ.ஆர் என்ற வானொலி இயங்குகிறது. ஒரே செய்தியை எழுபதாயிரம் பேருக்குச் சொல்ல வானொலியைவிடச் சிக்கனமான வழி இல்லை. கேட்பவர் எத்தனை பேராயினும் வானொலியின் கொள்ளளவு குறைவதில்லை.

மின்சாரம், புழுதி, காற்று

மின்கம்பி இல்லாததால் ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரம் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு முகாமின் ஆண்டெனாக் கருவியும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 480 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் 1,200 வாட்-மணி உண்டு. கலம் கெடாமலிருக்க அதில் பாதியை மட்டுமே எடுக்கலாம். எனவே அக்கலம் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். மறுநாள் சூரியத் தகடு அதை நிரப்ப வேண்டும். ஜெனரேட்டரை நம்பியுள்ள முகாம்களில், இரவில் உரிமையாளர் அதை அணைத்துவிட்டு உறங்கும்போது இணையமும் உறங்கிவிடும்.

பிளாயாவின் புழுதி மாவைப் போல நுண்மையானது, காரத்தன்மை கொண்டது. மின்விசிறி உள்ள கணினிகளும் ரவுட்டர்களும் அதை உள்ளிழுத்துச் சூடேறி நிற்கும். ஈரத்துடன் சேர்ந்தால் அப்புழுதி உலோக இணைப்பிகளை அரிக்கும். எனவே விசிறியற்ற, முழுதும் மூடிய வெளிப்புறக் கருவிகளே ஏற்றவை. இணைப்பிகளின்மேல் நீர்புகா நாடா சுற்றப்படும்.

புழுதிப் புயல் வீசும்போது கைக்கெட்டிய தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆயினும் உலர்ந்த புழுதி 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகம் தடுப்பதில்லை. உண்மையான தொல்லை காற்றால் வருவது. கம்பம் சில பாகை திரும்பினாலே நெடுந்தொலைவு இணைப்பு அறுந்துவிடும். உலர்காற்றில் உராயும் புழுதி நிலைமின்னேற்றத்தையும் உண்டாக்குகிறது. அதனால் கோபுரங்களை நிலத்துடன் மின்னிணைப்புச் செய்வது கட்டாயமாகிறது.

விழா முடிந்தபின் நில மேலாண்மைப் பணியகம் நிலத்தைச் சோதிக்கிறது. ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருக்கக் கூடாது என்பது விதி. கம்பியைக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவின் வெட்டிய துண்டும் குப்பைதான். வலையமைப்பைப் பிரிக்கும் தன்னார்வலர்கள் அவற்றையும் பொறுக்கி எடுக்கின்றனர்.

கட்டற்ற மென்பொருளில் அலைபேசி வலையமைப்பு

பிளாக் ராக் நகர் புதிய தொழில்நுட்பங்களின் சோதனைக் களமாகவும் இருந்துள்ளது. இவற்றுள் குறிப்பிடத்தக்கது ஓப்பன் பி.டி.எஸ். டேவிட் பர்கெஸ், ஹர்விந்த் சம்ரா ஆகியோர் உருவாக்கிய இக்கட்டற்ற மென்பொருள், ஒரு கணினியையும் மென்பொருள் வழி இயங்கும் வானொலிக் கருவியையும் கொண்டு ஜி.எஸ்.எம் அலைபேசிக் கோபுரத்தை அமைக்க உதவுகிறது. சாதாரண அலைபேசிகள் எந்த மாற்றமும் இன்றி அதனுடன் இணையும்.

2008 விழாவில், தற்காலிகச் சிறப்பு உரிமம் பெற்று இது ஒரு வாரம் சோதிக்கப்பட்டது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று அது திட்டமிடப்படவில்லை. ஆனால் ஓர் அமைப்புப் பிழையால் அருகிலிருந்தோரின் அழைப்புகளும் வெளியே சென்றன. 95 எண்களுக்கு ஏறத்தாழ 120 அழைப்புகள் இணைந்தன. 2009லும் 2010லும் பெரிய அளவில் சோதனை தொடர்ந்தது.

இதன் பயன் விழாவோடு நிற்கவில்லை. 2010இல் பசிபிக் தீவான நியுவேயில் இம்மென்பொருள் நிறுவப்பட்டது. 2013இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், இந்தோனேசியாவின் பப்புவாவில் பெருநிறுவனங்கள் எட்டாத மலைக்கிராமம் ஒன்றில் இதைக் கொண்டு சிறிய அலைபேசி வலையமைப்பை உருவாக்கினர். மின்சாரம் அரிது, சாலை இல்லை, பழுதுபார்ப்பவர் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்ற நிலை பாலைவனத்துக்கும் அக்கிராமத்துக்கும் பொதுவானது.

யாருக்கு முதலில்

விழாவுக்குத் தேவையான அவசரப் பணிகள் பல உள்ளன. மருத்துவ நிலையம், தீயணைப்பு, தற்காலிக விமான ஓடுதளம், பிளாக் ராக் ரேஞ்சர்கள் எனப்படும் தன்னார்வக் காவல் பணியாளர்கள், நுழைவாயில் ஆகியவை தடையின்றித் தொடர்பில் இருக்க வேண்டும். நகருக்குள் இவர்கள் பெரும்பாலும் இருவழி வானொலியையே நம்புகின்றனர். ஆனால் நோயாளியை ரீனோ மருத்துவமனைக்கு விமானத்தில் அனுப்பவும், வானிலை எச்சரிக்கை பெறவும் வெளியுலகத் தொடர்பு வேண்டும். எனவே இணைப்பில் முதல் பங்கு இவர்களுக்கானது. எஞ்சியதே பொதுக் கொடை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம் இங்கு இல்லாததால், இணைப்பு வேகமாக இல்லை என்று முறையிடவும் இடமில்லை.

பொதுக் கொடை எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில் பங்கேற்பாளர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. பத்துக் கொள்கைகளில் கடைசியான உடனிருப்பு, நம்மைச் சுற்றியுள்ள மனிதர்களையும் நிலத்தையும் நேரடியாக அனுபவிப்பதைக் குறிக்கிறது. கையில் திரையுடன் நிற்பவர் இங்கு வந்தும் வராதவரே என்பது ஒரு தரப்பு. வீட்டில் நோயுற்ற பெற்றோரையோ சிறு குழந்தையையோ விட்டு வந்தவருக்கு ஒரு செய்தி அனுப்பும் வழியாவது வேண்டும் என்பது மறுதரப்பு. தொடர்பு வசதி இல்லாவிட்டால் இவர்களால் வரவே இயலாது. யாவரையும் சேர்த்துக்கொள்ளுதல் என்ற முதல் கொள்கை அப்போது மீறப்படும் என்கின்றனர் இவர்கள்.

2023 மழை

இவ்விவாதத்துக்கு 2023இல் ஒரு கடுஞ்சோதனை வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் பிளாயாவின் களிமண் பசைபோலக் குழைந்தது. வாகனச் சக்கரங்கள் சுழல முடியவில்லை. நுழைவாயில் மூடப்பட்டது. உள்ளிருந்த ஏறத்தாழ 70,000 பேரும் இருந்த இடத்திலேயே தங்கி, உணவையும் நீரையும் எரிபொருளையும் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு அறிவிக்கப்பட்டனர். சிலர் சேற்றில் பல கிலோமீட்டர் நடந்து வெளியேறினர்.

உள்ளே நிலைமை பெருமளவு அமைதியாக இருந்தது. தற்சார்புக்குப் பழகியவர்கள் உணவைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அதை வெளியே சொல்ல வழி குறைவாக இருந்தது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. விழாவில் எபோலா நோய் பரவிவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பொய்ச்செய்தி பரவியது. அரசின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்டதுபோன்ற போலிப் படமும் உலவியது. உள்ளே இருந்தவர்களைவிட வெளியே இருந்த உறவினர்களே அதிகம் தவித்தனர்.

இந்நிலையில் ஏற்பாட்டாளர்கள் நடமாடும் அலைபேசிக் கோபுர வண்டிகளை நகரின் பல இடங்களில் நிறுத்தவும், தங்கள் வைஃபையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடவும் நடவடிக்கை எடுத்தனர். செப்டம்பர் 4ஆம் தேதி தரை உலர்ந்து வாயில் திறக்கப்பட்டது. அன்றிரவே மர உருவம் எரிக்கப்பட்டது. வழக்கமான நாளில் அவசரப் பணிகளுக்கென ஒதுக்கப்படும் இணைப்பு, நெருக்கடியில் ‘நான் நலம்’ என்ற ஒரு வரிச் செய்திக்காகத் திறக்கப்பட்டது. அத்தகைய செய்திக்குச் சில நூறு பைட்டுகளே போதும். எழுபதாயிரம் பேர் ஆளுக்கொரு முறை அனுப்பினாலும் நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு அதைச் சில நொடிகளில் கடத்திவிடும். காணொளிக்குப் போதாத இணைப்பு நலச்செய்திக்குத் தாராளமாகப் போதும் என்பதால், நெருக்கடியில் எதை அனுமதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது வலையமைப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகிறது.

தாழ் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள்

அண்மை ஆண்டுகளில் ஸ்டார்லிங்க் போன்ற தாழ் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் சேவைகள் நிலைமையை மாற்றியுள்ளன. இவை ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் நொடியில் சில நூற்றிலொரு பங்காகக் குறைகிறது. கோபுரமோ அனுமதியோ இன்றி ஒரு முகாம் தன் தட்டைத் தரையில் வைத்து இணைந்துவிடலாம். 2023 மழையின்போது முகாம்களில் இருந்த இத்தட்டுகள் பலருக்கு உதவின.

இவ்வசதியுடன் புதிய சிக்கல்களும் வந்துள்ளன. இத்தட்டு 75 வாட் எடுத்தால் நாளொன்றுக்கு 1,800 வாட்-மணி தேவை. முன்கூறிய சிறு ஆண்டெனா அமைப்பைவிட இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரே சிறிய பகுதியில் தட்டுகள் பெருகினால் அவை ஒரே செயற்கைக்கோள் கற்றையைப் பங்கிட்டு வேகம் குறையும். மேலும், பொதுக் கோபுரத்தில் இணைப்பு எல்லாருக்கும் சமமாகச் சிறிதளவு கிடைத்தது. தனித் தட்டில் பணம் கட்டியவருக்கு நிறையவும் மற்றவருக்கு அவர் மனம் வைத்தால் மட்டும் எனவும் ஆகிறது. வாயிலில் நிறுத்தப்பட்ட விலை வேற்றுமை வான்வழியே உள்ளே வருகிறது. சில முகாம்கள் தங்கள் இணைப்பை யாவருக்கும் திறந்து வைத்து அதையும் கொடையாக மாற்றுகின்றன.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றால் பாலைவன விழா நடைபெறவில்லை. 2020இல் அது இணையவெளியில் மெய்நிகர் விழாவாக நடந்தது. இணையத்திலிருந்து விலகி இருக்கும் இடம் என்று பலர் கருதிய நகரம், அவ்வாண்டு இணையத்தில் மட்டுமே இருந்தது.

பிற இடங்களுக்கான பயன்

புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின் ஓர் ஊர் பெரும்பாலும் பிளாக் ராக் நகரின் நிலையிலேயே இருக்கும். மின்சாரம் இருக்காது, கோபுரங்கள் சாய்ந்திருக்கும், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தொடர்புகொள்ள முயல்வர், விலை கேட்டு விற்கும் நேரமாகவும் அது இராது. 2005இல் விழா நடந்துகொண்டிருந்தபோதே கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. விழாவிலிருந்து நேராக அங்கு சென்ற பங்கேற்பாளர்கள் மாதக்கணக்கில் தங்கி வீடுகளைச் சீரமைத்தனர். அம்முயற்சியிலிருந்து பர்னர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு உருவானது.

வலையமைப்புத் துறையில் இவ்விழா தரும் அனுபவத்தைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம். அவசரப் பணிக்கான பங்கை முதலில் பிரித்து வைக்க வேண்டும். எல்லாருக்கும் தேவையான தகவலை வானொலி, முன்தரவிறக்கம் ஆகிய வழிகளில் இணைப்பின்றியே தர வேண்டும். எஞ்சியதைச் சிறு செய்திகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பகிர வேண்டும். கருவிகள் உள்ளூர் மக்களே பழுதுபார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரம் பாலைவனத்தில் கோபுரம் நட்டுப் பிடுங்கும் தன்னார்வலர்கள், இவற்றை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்து பார்க்கின்றனர்.